‘நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்!’

தீபாவளி முடிந்த வாரம். 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸுமாக இருந்த சின்ன காருக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. பன்னிரண்டு வருடம் உழைத்த எங்கள் பழைய வண்டிக்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்று வீட்டில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. சனிக்கிழமை இரவு ஒன்பதே முக்காலுக்கு, தோசைக்கும் பாலுக்கும் நடுவில், போனில் கார் தளம் ஒன்றைத் திறந்தேன். பிடித்த மாடலின் கீழே ‘உங்கள் ஊரில் ஆன்-ரோடு விலை அறிய’ என்று ஒரு பட்டன். தட்டினேன். பெயர், ஊர், கைபேசி எண் கேட்டது, கொடுத்தேன். ஓடிபி வந்தது, போட்டேன். விலை வரவில்லை. போன் வந்தது.

“வணக்கம் சார், கார் எடுக்குற பிளான்ல இருக்கீங்களா?”

“ஆமாங்க. திருச்சியில ஆன்-ரோடு எவ்வளவு வருது?”

“எந்த வேரியன்ட் சார் பாக்குறீங்க? மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?”

சொன்னேன்.

“என்ன கலர் சார்?”

“கலருக்கு விலை மாறுமா?”

“மாறாது சார். எப்போ எடுக்குற ஐடியா?”

“விலை தெரிஞ்சா சொல்லிடலாம்.”

“லோனா சார், ரெடி கேஷா? பழைய வண்டி எக்ஸ்சேஞ்ச் ஏதாவது?”

“தம்பி, விலை?”

“நேர்ல வாங்க சார், பேசிக்கலாம். உங்களுக்குன்னு பெஸ்ட்டா பண்ணித் தர்றோம்.”

பால் ஆறிவிட்டது.

ஞாயிறு மதியத்துக்குள் இன்னும் ஐந்து அழைப்புகள். அதே கம்பெனியின் காரை விற்கும் வேறு இரண்டு ஷோரூம்கள், நான் கேட்கவே கேட்காத இன்னொரு கம்பெனியின் ஷோரூம், ஒரு வங்கி, பழைய கார் வாங்குகிற ஒரு நிறுவனம். யார் எவரென்று குழம்பி ‘கார் 1’, ‘கார் 2’, ‘கார் 3’ என்று எண் போட்டுச் சேமித்துக்கொண்டேன். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒவ்வொருவரும் என்னைப் பற்றி எட்டு பத்து கேள்வி கேட்டார்கள். நான் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வருவதற்குச் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது.

கார் விற்பவருக்கும் ஆன்லைனில் கார் தேடுகிறவருக்கும் நடக்கும் பேச்சு முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மற்றவர் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார். இதை ஏதோ ஒரு ஷோரூமின் கெட்ட பழக்கம் என்று நினைத்தால் தவறு. விற்பனையாளர் வாய் திறக்காமல் இருப்பதற்கு ஒரு ஏற்பாடே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் பையன்கள் மீது எரிந்து விழுவதில் நியாயமில்லை.

முதலில் அந்த வேகம். பட்டனைத் தட்டிய நொடியில் நான் மனிதன் என்பது போய் ‘லீட்’ ஆகிவிடுகிறேன். கார்வாலே, கார்தேக்கோ போன்ற தளங்களிலிருந்தும் கார் கம்பெனிகளின் சொந்தத் தளங்களிலிருந்தும் இப்படிப்பட்ட லீட்கள் ஷோரூம்களுக்குப் போகின்றன. 2011இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் ஜேம்ஸ் ஓல்டுராய்டும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2,241 அமெரிக்க நிறுவனங்கள், இணையத்தில் விசாரித்தவர்களை எவ்வளவு நேரத்தில் திருப்பி அழைக்கின்றன என்று பார்த்தார்கள். அதே கட்டுரை சொன்ன இன்னொரு ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குள் அழைத்தவர்களுக்கு, முடிவெடுக்கக்கூடிய ஆளிடம் உருப்படியாகப் பேச்சு கொடுக்கும் வாய்ப்பு, இன்னும் ஒரு மணி நேரம் கழித்து அழைத்தவர்களைவிட ஏறக்குறைய 7 மடங்கு இருந்ததாம். அன்று முதல் உலகம் முழுக்க விற்பனை மேலாளர்களுக்கு இது வேதவாக்கு. நம் ஊர் டெலிகாலர் பெண்ணுக்கும் இதே பாடம்தான்: உடனே கூப்பிடு. கூப்பிட்டு என்ன சொல்வது என்ற இடத்தில்தான் பாடம் நின்றுவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை ‘கார் 3’ டெஸ்ட் டிரைவ் வண்டியோடு வீட்டுக்கே வந்தார். முசிறிப் பக்கத்துப் பையன், மெக்கானிக்கல் டிப்ளமோ, இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினோம். விற்கிற பேச்சு இல்லாமல் அவர் பேசியது அந்தப் பத்து நிமிடம்தான்.

தினம் மாலை ஏழு மணிக்கு ஷோரூமில் மீட்டிங். டீம் லீடர் ஒவ்வொரு பெயராகப் படிப்பார். ஹாட், வார்ம், கோல்ட் என்று ஒவ்வொரு லீடுக்கும் ஒரு சூடு உண்டு. இந்த மாதமே எடுப்பவர் ஹாட். “பொண்டாட்டிகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்பவர் வார்ம். விலையை மட்டும் கேட்டுவிட்டு மறைகிறவருக்கு அவர்களுக்குள் ஒரு பெயர் இருக்கிறது: ரேட் பார்ட்டி. கூப்பிட்டீர்களா, என்ன சொன்னார், அடுத்து எப்போது கூப்பிடப் போகிறீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் மென்பொருளில் குறிப்பு எழுத வேண்டும். எழுதாத பெயருக்கு எல்லோர் முன்னாலும் பேச்சு விழும். நாம் மூன்று நாளாக எடுக்காத போன், அந்த மீட்டிங்கில் மூன்று நாளும் ஒரு கேள்வியாக எழுந்திருக்கிறது.

“சரி தம்பி, விலையைச் சொல்ல என்ன தயக்கம்?” என்றேன்.

“சார், நான் ஒரு கொட்டேஷன் பிடிஎஃப் அனுப்புறேன்னு வச்சுக்கோங்க. பத்து நிமிஷத்துல அது அடுத்த ஷோரூம்காரன் வாட்ஸ்அப்ல இருக்கும். அவன் அதுல ரெண்டாயிரம் குறைச்சுப் போடுவான். என் கொட்டேஷனை வச்சு அவன் வண்டி விப்பான். எனக்கு என்ன சார் மிச்சம்?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. முந்தின நாள் ‘கார் 1’ வாய்மொழியாகச் சொன்ன தொகையை ‘கார் 2’விடம் நான் சொன்னது ஞாபகம் வந்தது.

அவர் சொன்ன இன்னொரு காரணம் எனக்குப் புதிது. கேட்கிறவர் நிஜமாகவே வாங்க வந்தவரா, சோதிக்க வந்தவரா என்று தெரியாது என்றார். கொஞ்சம் அதிகப்படியான சந்தேகம் என்று அப்போது தோன்றியது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது அப்படித் தோன்றவில்லை. 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசூகி நிறுவனத்துக்கு ரூ.200 கோடி அபராதம் விதித்தது. டீலர்கள் தங்கள் விருப்பத்துக்குக் கூடுதல் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று ஒரு தள்ளுபடிக் கட்டுப்பாட்டுக் கொள்கையை நிறுவனம் நடத்திவந்தது என்று ஆணையம் முடிவுக்கு வந்தது. அதைக் கண்காணிக்க, வாடிக்கையாளர் வேடத்தில் ஷோரூமுக்குள் ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் அமர்த்தப்பட்டிருந்தன. கூடுதல் தள்ளுபடி பேசியது பிடிபட்டால் டீலருக்கு மட்டும் தண்டம் இல்லை. ஷோரூம் மேலாளர், டீம் லீடர், கடைசியில் நேரடியாக விற்கும் பையன் வரை தனித்தனியாகத் தண்டம் என்கிறது அந்த உத்தரவு. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. இதற்கு முன்பு 2017இல் ஹூண்டாய்க்கும் ஆணையம் ரூ.87 கோடி அபராதம் போட்டது. அதை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2018இல் ரத்துசெய்துவிட்டது. வழக்குகளின் கதி எப்படியும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் “லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு?” என்று கேட்கும் முகம் தெரியாதவருக்கு எழுத்தில் பதில் எழுத ஒரு பையன் ஏன் நடுங்குகிறான் என்பது எனக்கு அந்த உத்தரவைப் படித்த பிறகுதான் விளங்கியது.

சரி, அப்படி ஒளித்துவைக்கும் அளவுக்கு அந்த ஆன்-ரோடு விலைக்குள் என்னதான் இருக்கிறது? ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எக்ஸ்-ஷோரூம் விலை 8 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கம்பெனியின் தளத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி உயர்ந்தது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஆக 8 லட்சத்துக்கு வரி ரூ.1,04,000. பதிவுக் கட்டணம் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ரூ.600, ஆர்.சி. ஸ்மார்ட் கார்டு ரூ.200. கடன் வாங்கினால் அதைப் பதிய ரூ.1,500. மூன்றாம் நபர் காப்பீடு, 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும். 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு ரூ.10,640, அதன் மேல் ஜிஎஸ்டி. இவை எதுவும் ரகசியமில்லை. போனில் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

மீதிதான் விஷயம். வண்டிக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு. அதோடு ஜீரோ டெப், இன்ஜின் புரொடெக்ட் என்று வால்கள். ‘பேசிக் கிட்’ என்ற பெயரில் மேட், மட் ஃபிளாப், சீட் கவர். எக்ஸ்டெண்டட் வாரண்டி. ‘ஆர்.டி.ஓ. செலவு’. சில இடங்களில் ‘லாஜிஸ்டிக்ஸ்’ அல்லது ‘ஹேண்ட்லிங்’. இந்த வரிகளில்தான் டீலரின் லாபமும் பையனின் இன்சென்டிவும் உட்கார்ந்திருக்கின்றன. காரின் மேல் கிடைக்கும் கமிஷன் போட்டியில் கரைந்துபோக, ஷோரூம் பிழைப்பது பெரும்பாலும் இவற்றால்.

எனக்கு வந்த மூன்று கொட்டேஷன்களை மேஜை மேல் பரப்பினேன். எக்ஸ்-ஷோரூம் மூன்றிலும் ஒன்று. வரி ஒன்று. ஒன்றில் காப்பீடு ரூ.47,000. அதே காப்பீட்டுத் தொகைக்கு, அதே வால்களோடு நான் வெளியே கேட்டபோது ரூ.34,000. அதே கொட்டேஷனில் ஆர்.டி.ஓ. செலவு ரூ.9,500. “பிரிச்சுச் சொல்லுங்க” என்று கேட்டதற்கு வந்த பதில், “எல்லாம் சேர்த்துதான் சார்.” இன்னொன்றில் லாஜிஸ்டிக்ஸ் என்று தனியாக ஒரு வரி. எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பெனி நம் மாநிலத்துக் கம்பெனி. கார் தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்து, ஒரு ராத்திரி நெடுஞ்சாலைப் பயணத்தில் திருச்சிக்கு வந்து சேர்வது. அதற்கும் தூக்குக்கூலி!

காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது வாங்குகிறவரின் உரிமை. டீலர் வற்புறுத்தக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் நிலைப்பாடு. டீலர்கள் காப்பீடு விற்பதை ஒழுங்குபடுத்த 2017இலேயே தனி வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆனால் நான் வெளியில் எடுக்கிறேன் என்று சொன்னதும் ‘கார் 2’வின் குரல் மாறிவிட்டது. “அப்படின்னா அந்த டிஸ்கவுண்ட் வராது சார்.” எழுத்தில் சொல்லுங்கள் என்றேன். அதோடு வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் விழுந்தது.

இதில் பத்து லட்சம் என்று ஒரு மதில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. எக்ஸ்-ஷோரூம் சரியாகப் பத்து லட்சம் என்றால் வாழ்நாள் வரி ரூ.1,30,000. கொஞ்சம் தாண்டினால் 18 சதவீதம்; ரூ.1,80,000க்கு மேல். கூடவே 1 சதவீதம் டிசிஎஸ், வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் கையிலிருந்து கொடுக்க வேண்டியது. ஆகவே தமிழ்நாட்டில் கார் பேச்சு எங்கே தொடங்கினாலும் “பத்துக்குள்ள நிக்குமா?” என்ற இடத்தில் வந்து முட்டும். இது தெரிந்த விற்பனையாளர் ஒருவர் இந்தக் கணக்கை முதல் அழைப்பிலேயே சொல்லி, ஒரு வேரியன்ட் இறங்கி எடுங்கள் என்று யோசனை சொன்னால், வாங்குகிறவர் அவரைவிட்டு வேறெங்கும் போக மாட்டார். என்னிடம் பேசிய யாரும் சொல்லவில்லை. நண்பர் ஒருவர், வரித் தொகையைப் பார்த்த பிறகுதான் மதிலைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்துகொண்டார். அதற்குள் புக்கிங் பணம் கட்டியாகிவிட்டது.

ஒரு காலத்தில் இந்தப் பேச்சே தேவைப்படவில்லை. அம்பாசடரும் பத்மினியும் இருந்த நாளில் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். விற்பவர் வாய் திறக்கவே வேண்டியதில்லை. 1983இல் மாருதி வந்தும் வரிசை உடனே குறைந்துவிடவில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்து, பின்னாலேயே மற்றவர்களும் வந்த பிறகுதான் ஷோரூம்காரர் நம்மைத் தேடி வர ஆரம்பித்தார். அப்போதும் காரைப் பற்றிய விவரம் அவரிடம்தான் இருந்தது. இன்று அது தலைகீழ். நெல்லிக்குப்பத்தில் உட்கார்ந்து யூடியூப் பார்ப்பவருக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் எத்தனை மில்லிமீட்டர், பாரத் என்கேப்பில் எத்தனை நட்சத்திரம், டிசம்பரில் தயாரான வண்டியை ஜனவரியில் தள்ளுகிறார்களா என்று படிவம் 22இல் எங்கே பார்ப்பது, எல்லாம் தெரியும். அவர் இன்ஜினின் டார்க் எவ்வளவு என்று கேட்கிறார். எதிர்முனையில் கலர் கேட்கிறார்கள். விற்பவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே சரக்கு விலைதான். அதையும் போனில் கொடுத்துவிட்டால் அவர் கையில் என்ன இருக்கும் என்பது நியாயமான பயம்.

‘நேர்ல வாங்க’ என்பதற்கு எனக்குத் தோன்றும் முக்கியமான காரணம் வேறு. நேரில் வந்தால் முகம் பார்க்கலாம். எந்த வண்டியில் வந்து இறங்குகிறீர்கள், காலில் என்ன செருப்பு, கூட யார் வந்திருக்கிறார்கள், குழந்தை எந்தக் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது எல்லாம் பார்த்துவிட்டு விலை சொல்லலாம்.

இது என் கற்பனை இல்லை. சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ் சிகாகோ வட்டாரத்தில் 90 டீலர்களிடம் ஆள் அனுப்பிச் சோதித்து 1991இல் எழுதினார். எல்லோரும் ஒரே மாதிரி பேச வேண்டும், ஒரே மாதிரி பேரம் பேச வேண்டும் என்று பயிற்சி கொடுத்துத்தான் அனுப்பினார். அப்படியும் வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலை ஒன்று. பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் சொன்ன விலை அதைவிடக் கூடுதல். பின்பு ஃபியோனா ஸ்காட் மார்ட்டன், ஃபுளோரியன் செட்டல்மேயர், ஹோர்ஹே சில்வா-ரிஸோ ஆகியோர், 1995இல் தொடங்கிய ஆட்டோபைடெல் என்ற இணைய சேவை வழியே கார் வாங்கியவர்களின் விலைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். சராசரியாக 2 சதவீதம் குறைவு. அதைவிடப் பெரிய விஷயம், கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் அந்த வழியில் வந்தபோது மற்றவர்கள் கொடுத்த அதே விலையைத்தான் ஏறக்குறைய கொடுத்திருந்தார்கள். முகம் தெரியவில்லை, விலை நேராகிவிட்டது.

என் தங்கை கோவையில் பள்ளி ஆசிரியை. சென்ற வருடம் தன் சம்பளத்தில், தன் பெயரில் கார் வாங்கினாள். இணையத்தில் தேடியது அவள், எண் கொடுத்தது அவள், அழைப்பை எடுத்ததும் அவள். “சார் இருக்காங்களா மேடம்? சார்கிட்ட டீடெய்ல்ஸ் சொல்லிடறேன்” என்றார்களாம் இரண்டு இடத்தில். ஷோரூமுக்குப் போனபோது, கார் ஓட்டவே தெரியாத என் மைத்துனருக்கு இன்ஜினை விளக்கியிருக்கிறார்கள். அவள் மூன்றாவது இடத்தில் வாங்கினாள். அங்கே வாட்ஸ்அப்பிலேயே எல்லா வரியும் பிரித்து எழுதி அனுப்பியிருந்தார்கள், மேடம் என்றே விளித்து.

வாங்குகிறவர்கள் பக்கமும் யோக்கியம் அதிகமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் எல்லோரும் பொய் சொல்கிறோம். ‘அடுத்த ஷோரூம்ல இருபத்தஞ்சாயிரம் குறைச்சுத் தர்றாங்க’ என்ற வாக்கியத்தை, எந்த ஷோரூமுக்கும் போகாமலே சொல்லியிருக்கிறோம். வாங்கப்போவது ஆறு மாதம் கழித்து என்றால் “இந்த மாசமே” என்கிறோம். இந்த வாரமே என்றால் “சும்மா பாக்குறோம்” என்கிறோம். ஊருக்குப் போக வண்டி வேண்டுமென்று டெஸ்ட் டிரைவ் கேட்ட ஆள்கூட உண்டு என்றார் முசிறிப் பையன். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, ஏசி போட்டு, மூன்று தலைமுறையையும் உட்காரவைத்து மலைக்கோட்டையைச் சுற்றிக் காட்டிவிட்டு வருவாராம். அதன் பிறகு அந்த எண் எடுக்காது. ஒரு மாதம் கழித்து வேறு ஷோரூமின் பெயர் ஒட்டிய கண்ணாடியோடு அந்தக் குடும்பத்தை சிக்னலில் பார்த்ததாகச் சொன்னார். கையசைத்தாராம். அவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

அழைப்புத் தொல்லைக்கு வருவோம். தொந்தரவு வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிந்திருந்தாலும் பலனில்லை. விலை கேட்கும் அந்தப் பட்டனுக்குக் கீழே பொடி எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுகிறார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கையாயின; முழுதாக நடைமுறைக்கு வர அதிலிருந்து ஒன்றரை வருடம். அதுவரை ‘கார் 5’ கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

விலையை எழுதிக் காட்டு என்று சட்டம் போட்ட நாடு இருக்கிறது. அமெரிக்காவில் 1958இல் ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த சட்டப்படி, புதுக் காரின் கண்ணாடியில் கம்பெனி சொல்லும் விலை, கூடுதல் பொருள்களின் விலை, வண்டியைக் கொண்டுவந்த கூலி எல்லாம் அச்சிட்டு ஒட்ட வேண்டும். அந்தச் சீட்டுக்கே மன்ரோனி என்றுதான் பெயர். ஆனால் அங்கும் டீலர் அதற்கு மேல் ‘ஆவணக் கட்டணம்’ என்று ஏதாவது ஏற்றத்தான் செய்கிறார். முழு விலையை முதலிலேயே சொல்ல வேண்டும் என்று அந்நாட்டின் வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் கொண்டுவந்த விதியை, நடைமுறைத் தவறு என்று சொல்லி 2025 ஜனவரியில் நீதிமன்றம் அடித்துவிட்டது. அமெரிக்காவைக் காட்டி நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மெர்சிடிஸ் பென்ஸ் 2021 அக்டோபரில் இந்தியாவில் விற்பனை முறையை மாற்றியது. வண்டிகளின் இருப்பு கம்பெனியுடையது, பில்லும் கம்பெனியே போடுகிறது, டீலருக்குக் கமிஷன், நாடு முழுக்க ஒரே விலை. ஷோரூமில் பேரம் பேச விஷயமே இல்லாததால் காரைப் பற்றிப் பேசுகிறார்கள். கோடி ரூபாய் கார் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் இந்த நிம்மதி எட்டு லட்சம் ரூபாய் கார் வாங்குகிறவருக்கு எட்டவில்லை. அவருக்குத்தான் பதிமூன்றாயிரம் ரூபாய் பெரிய தொகை.

எல்லாக் கம்பெனியும் அப்படி மாற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பேரம் நம் ரத்தத்தில் இருக்கிறது, இருக்கட்டும். கேட்பது ஒரு பக்கக் காகிதம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. முதலில் ஒரு விலை காட்டிப் பிறகு துளித்துளியாக ஏற்றுவது அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் திணிப்பது ஒன்று. “ஸ்கீம் நாளையோட முடியுது சார்” என்று பொய் அவசரம் காட்டுவது இன்னொன்று. எல்லாம் கார் விற்பனையில் தினசரி நடப்பவை. பட்டனில் ‘ஆன்-ரோடு விலை’ என்று போட்டு எண்ணை வாங்குகிறவர், அந்த விலையை வரி வரியாகப் பிரித்து, எது அரசுக்குப் போவது, எது ஷோரூமுக்கு, எது வேண்டுமானால் விடலாம் என்று குறித்து, தேதி போட்டு எழுத்தில் தர வேண்டும் என்று அந்த ஆணையம் ஒரு படிவம் நிர்ணயித்தால் போதும். வரி விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், தமிழகப் போக்குவரத்துத் துறை தன் பங்குக்குச் சட்டபூர்வக் கட்டணங்களின் பட்டியலை ஒவ்வொரு ஷோரூம் சுவரிலும் தமிழில் ஒட்டச் சொல்லலாம். இதற்குப் பெரிய செலவில்லை. எல்லா ஷோரூமும் எழுதிக் கொடுக்கும் நிலை வந்துவிட்டால், முசிறிப் பையனின் கொட்டேஷனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் யாருக்கும் ஆதாயமும் இருக்காது.

கார் நான் அவரிடம்தான் வாங்கினேன். மூன்றில் அவருடையது மிகக் குறைந்த விலை இல்லை. நாலாயிரம் ரூபாய் கூடுதல். காப்பீட்டை வெளியில் எடுத்துக்கொள்ளச் சம்மதித்து அதையும் எழுதிக் கொடுத்தது அவர் ஒருவர்தான். சாவி கொடுத்து, மாலை போட்டு, படம் எடுத்த பிறகு, அவருடைய போனில் என் பெயரைப் பார்த்தேன். ‘தில்லை நகர் சார் – ரேட் பார்ட்டி’ என்று இருந்தது. அவர் நெளிந்தார். நான் என் போனைத் திருப்பி ‘கார் 3’ஐக் காட்டினேன்.

அன்று இரவு ‘கார் 1’க்கும் ‘கார் 2’வுக்கும் ஒரு வரி அனுப்பினேன்: வேறு இடத்தில் எடுத்துவிட்டேன், உங்கள் நேரத்துக்கு நன்றி. ஒருவர் கைகூப்பும் படம் அனுப்பினார். மற்றவர், “ஓகே சார், சொன்னதுக்கு தேங்க்ஸ்” என்றார். நீங்களும் கார் வாங்கியதும் விசாரித்த மற்ற இடங்களுக்கு இந்த ஒரு வரியை அனுப்பிவிடுங்கள். மாலை ஏழு மணி மீட்டிங்கில் அவர்கள் உங்கள் பெயரை அடித்துவிடலாம்.